மறுப்பும் மணியும்: திண்டுக்கல் தொழில் வரலாற்றில் ஓர் ஏடு

திண்டுக்கல் என்றதும் மலைக்கோட்டையும் பூட்டும் சுருட்டும் நம் நினைவுக்கு வருகின்றன. 1755ஆம் ஆண்டில் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தமர்ந்து, பிரெஞ்சு வல்லுநர்களின் துணையோடு படைக்கலச் சாலை அமைத்ததையும், அவருடைய சகோதரி அடங்கியிருக்கும் தலத்தால் பேகம்பூர் என்ற பெயர் வழங்குவதையும் நம் இல்லங்களில் பிள்ளைகளும் அறிவர். கோட்டையைப் பற்றியும் கொத்தளத்தைப் பற்றியும் எழுதியவர்கள் பலர். அக்கோட்டையின் நிழலில் உழைத்துப் பிழைத்த மக்கள் 'முடியாது' என்பதை ஒருவருக்கொருவர் எவ்வாறு சொல்லிக்கொண்டனர், வேலைக்குரிய நேரத்தை எதைக் கொண்டு அளந்தனர் என்பதை எழுதியவர்கள் மிகச் சிலரே. இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். ஆனால் ஒரு மனிதன் இன்னொருவனுக்கு நாளில் எத்தனை மணி நேரம் கடமைப்பட்டவன், அதற்கு மேலும் கேட்டால் மறுப்பதற்கு அவனுக்கு வாய் உண்டா என்னும் பெரிய வினா இதற்குள் அடங்கிக் கிடக்கிறது. நம் சமுதாயத்தவர் பலர் முதலாளிகளாக விளங்கிய தொழிலொன்று இவ்வரலாற்றின் நடுவே நிற்பதால், இதைப் பேசும் பொறுப்பும் நமக்குச் சற்று அதிகமாகவே உண்டு.

கடல் கடந்து வாணிபம் செய்வோரும், வெளிநாட்டுக் கம்பெனிகளில் பணிபுரிவோரும் நம்மவரைப் பற்றி ஒரு குறை சொல்லக் கேட்கிறோம். "தமிழ்நாட்டான் 'இல்லை' என்று வாய்திறந்து சொல்ல மாட்டான், சொன்ன நேரத்துக்கு வரவும் மாட்டான்" என்பது அக்குறை. இதனை அப்படியே ஒப்புக்கொள்ள நாம் ஆயத்தமாக இல்லை. நம் வட்டாரத்தில் மறுப்புக்கு ஒரு மொழி இருந்தது. அது வாயால் பேசும் மொழியாக இருக்கவில்லை என்பதே செய்தி.

மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தரகர் ஒருவர் விற்பவரின் கையைப் பற்றுகிறார். இருவர் கைகளின் மேலும் ஒரு துண்டு விழுகிறது. துண்டுக்கடியில் விரல்கள் பேசுகின்றன. இத்தனை விரல் என்றால் இத்தனை நூறு, விரலை மடக்கினால் அதில் பாதி என்று அந்தந்தச் சந்தைக்குரிய கணக்கு உண்டு. விலை ஒத்துவராவிட்டால் விற்பவர் விரலை விடுவித்துக் கொள்கிறார். அவ்வளவுதான். சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் கேட்கப்பட்ட விலை இன்னதென்று தெரியாது; மறுக்கப்பட்ட விலையும் தெரியாது. கேட்டவருக்குத் தலைக்குனிவு இல்லை. மறுத்தவருக்குப் பகை இல்லை. அடுத்த சந்தையில் அதே இருவர் மீண்டும் கை கோக்கலாம். இதைவிடத் தெளிவான 'இல்லை'யை எந்த நாட்டு வாணிபத்திலும் காண்பது அரிது. ஆடு மாடுகளை விற்ற கை, அவற்றின் தோலை விற்றபோதும் அதே நாகரிகத்தைப் பழகியிருந்தது.

இந்நாகரிகம் ஆங்கிலேயரின் எழுத்து வழக்கோடு மோதிய இடமும் ஒன்று உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒருவர் முன்வைக்கும் பேச்சுக்கு மற்றவர் தரும் இசைவு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்கவேண்டும் என்கிறது. குறித்த நாளே ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று இருவரும் கருதியிருந்தால், நாள் தவறியதும் மற்றவர் ஒப்பந்தத்தையே கைவிடலாம் என்றும் கூறுகிறது. 'ஆகட்டும்', 'பார்ப்போம்', 'செய்துவிடலாம்' என்று முக்காலமும் வாழ்ந்த நம் தரகர்களுக்கு இது புதிய உலகமாகத்தான் இருந்திருக்கும். அவர்களுடைய 'பார்ப்போம்' என்பது சட்டத்தின் கண்ணில் இசைவும் இல்லை. கேட்டவன் முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, அது எதுவென்று அறிந்துகொள்ள வேண்டும். கடிதத்துக்கு முகம் ஏது, குரல் ஏது?

முகத்தோடும் குரலோடும் கேட்டால் அச்சொல் எத்துணை வலிமையுடையது என்பதற்குக் காமராசரே சான்று. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த அவர், வேண்டுகோளோடு வந்தவர்களிடம் 'ஆகட்டும், பார்க்கலாம்' என்பார் என்பது நாடறிந்த செய்தி. அவரிடம் அதைக் கேட்டவர்கள் நம்பிக்கையோடு திரும்பினர். அதே சொல்லை ஓர் அலுவலகக் குமாஸ்தா சொன்னால் நாம் அடுத்த பேருந்தைத் தேடுகிறோம்!

நம் வீடுகளில் இதற்கு இணையாக ஒரு சொல் உண்டு. நாளை ஒன்றைச் செய்வேன் என்று கூறும்போது இறைவன் நாடினால் என்று சேர்த்துச் சொல்லும் ஒழுக்கத்தைக் 'கஹ்ஃபு' அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. செய்தே தீரவேண்டும் என்ற எண்ணம் உள்ளவன், தன் எண்ணத்துக்கு மேல் ஒரு நாட்டம் உண்டென்று பணிந்து சொல்வது அது. ஆனால் நடைமுறையில் என்ன காண்கிறோம்? கடன்காரரை வாசலோடு அனுப்பவும், கூலி கேட்டு வந்தவரைத் திருப்பவும் 'இன்ஷா அல்லாஹ்' பயன்படுகிறது. பிற சமயத்து நண்பர்கள் சிலர் அதனை 'நடக்காது' என்பதற்கான முஸ்லிம்களின் சொல் என்றே எண்ணியிருப்பதை நாம் கேட்டு வருந்தியதுண்டு.

இனி நேரத்துக்கு வருவோம்.

கடிகாரம் வருவதற்கு முன்பு நம் நாட்டில் நேரம் இல்லாமல் இருக்கவில்லை. 24 நிமிடம் கொண்டது ஒரு நாழிகை. 60 நாழிகை ஒரு நாள். ஏழரை நாழிகை ஒரு சாமம். நமக்கோ ஐவேளைத் தொழுகையும் கதிரவனின் போக்கோடு பிணைந்தவை. நிழலைப் பார்த்து லுஹரையும் அஸரையும் அறிந்த மோதினாரைவிட நேரம் தவறாதவர் ஊரில் எவர் இருந்தார்? நேரத்தை மதிக்கத் தெரியாதவர்கள் என்று நம்மைக் கூறுவோர் ஒரு பள்ளிவாசலின் முன்னால் ஒரு நாள் நின்று பார்க்கட்டும். ஆனால் அந்த நேரம் அந்தந்த ஊருக்கு உரியது. அந்தந்தப் பருவத்துக்கு உரியது.

1875ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது. அதனோடு வேற்றூரின் நேரமும் வந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட வானாய்வுக் கூடத்தில் கணிக்கப்பட்ட சென்னை நேரத்தையே அக்காலத்து இரயில்வேக்கள் பின்பற்றின. 1906 சனவரி முதல் நாள் தொடங்கி இன்றுள்ள இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தபோது, கடிகார முள் மேலும் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. ஆக, திண்டுக்கல்லில் சராசரியாகக் கதிரவன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் 12 மணி 18 நிமிடம் காட்டும். அதுவும் ஆண்டு முழுதும் ஒன்றாக இராது. நவம்பர் தொடக்கத்தில் 12 மணி 2 நிமிடத்துக்கே உச்சி சாய்ந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12 மணி 32 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். ஒரு தொழிற்சாலையில் 12 மணி முதல் 12.30 வரை இடைவேளை என்று வைத்துக்கொள்வோம். நவம்பரில் அதற்குள் லுஹரைத் தொழுதுவிடலாம். பிப்ரவரியில் லுஹரின் வக்து தொடங்குவதற்கு முன்பே மணி அடித்துவிடும்! அங்கே பணிபுரியும் தொழுகையாளி மேஸ்திரியிடம் கால்மணி நேரம் கேட்டு நின்றால், அவன் நேரத்தை மதிக்காதவனா? ஒன்றல்ல, இரண்டு நேரங்களை மதிப்பவன் அவன்.

இரயில் வந்தது சரக்குக்கு ஏற்றதாயிற்று. திண்டுக்கல் புகையிலை சுருட்டாயிற்று. ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டு ஆலை இவ்வூரின் பெயரை வெளிநாடுகளில் பரப்பியது. பூட்டுத் தொழிலைப் பற்றித் தனியே எழுத வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டுகளைச் சிறு பட்டறைகளில் தொழிலாளர் கையாலேயே செய்துவந்தனர். நம் கட்டுரைக்கு உரியது தோல்.

ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்டுச் சென்னைப் பெரியமேட்டுக்கும், அங்கிருந்து இலண்டனுக்கும் அனுப்பிய தொழில் அது. திண்டுக்கல்லில் அப்பட்டறைகளை மக்கள் 'தோல் ஷாப்பு' என்று வழங்கினர். முதலாளிகளில் நம் சமுதாயத்தவர் கணிசமாக இருந்தனர். குழியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் சாதியால் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. நம்மில் ஏழைகளும் உண்டு.

தோலுக்கு ஒரு கடிகாரம் உண்டு என்பதை முதலில் சொல்லவேண்டும். பச்சைத்தோல் வெயிலில் ஒரு நாள் கிடந்தால் அழுகும். ஊறவைத்துச் சுண்ணாம்புக் குழியில் இட்ட தோலை நாள் தவறி எடுத்தால் அதன் முகப்புக் கெடும். மயிர் களைந்து, சதை வாரி, பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, கடுக்காயும் எண்ணெயும் ஏற்றி உலர்த்தும் வரையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கெடு. "தோல் காத்திராது, ஆகவே ஆளும் கடிகாரம் பார்க்க முடியாது" என்று முதலாளிமார் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தோலின் அவசரத்தை முறை வைத்து ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கலாம். ஒரே ஆள் விடியுமுன் இறங்கி இருட்டிய பின் ஏறவேண்டும் என்று எந்தத் தோலும் கேட்கவில்லை. சுண்ணாம்பு அரித்த கையோடும் காலோடும் அவர்கள் உழைத்தனர். அவர்களுக்கு ஏன் 'முடியாது' என்று சொல்ல வரவில்லை?

அட்வான்ஸ் என்ற முன்பணம்தான் காரணம். மகளின் திருமணத்துக்கோ, தாயின் சாவுக்கோ வாங்கிய பணம் கணக்கேட்டில் ஏறிவிடும். அது தீரும் வரையில் அவன் வேறு ஷாப்புக்குப் போக முடியாது. கூலியில் அது தீர்ந்ததாகவும் பெரும்பாலும் வரலாறு இல்லை. சந்தையில் துண்டுக்கடியில் விரலை விடுவித்துக்கொண்டானே, அந்த உரிமை இங்கே இல்லை. பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. எனவே அவனுடைய மறுப்பு வேறு வேடம் பூண்டது. "உடம்புக்குச் சுகமில்லை" என்றான். "ஊரிலே ஒரு கேதம்" என்றான். காய்ச்சலும் சாவும்தான் அவனுக்கு அனுமதிக்கப்பட்ட இரண்டு 'முடியாது'கள். இவற்றைக் கேட்டு "இவர்கள் பொய்யர்கள், நேரத்துக்கு வராதவர்கள்" என்று திண்ணையில் பேசிய பெரியவர்கள், உண்மையைச் சொன்னால் என்ன நேரும் என்பதையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும்.

முதலாளியின் மறுப்பும் நேராக வரவில்லை என்பது இன்னொரு பக்கம். கூலி உயர்வு கேட்டவரிடம் 'தரமாட்டேன்' என்று கூறுவது மரியாதைக் குறைவு. "சரக்கு இலண்டனில் விற்கட்டும்", "பெருநாள் கழியட்டும்", "அடுத்த வாரம் வா." இங்கே நாம் நியாயத்தோடு ஒன்றைக் கூறவேண்டும். சிறிய தோல் முதலாளியும் ஒரு முன்பணத்தில் கட்டுண்டவரே. பெரியமேட்டுக் கமிஷன் மண்டிக்காரர் கொடுத்த பணத்தில் பச்சைத்தோல் வாங்கிப் பதனிட்டு, சரக்கை அவருக்கே அனுப்பவேண்டியவர் அவர். இலண்டன் சந்தை சரிந்தால் மண்டிக்காரர் இவருக்குச் சொல்லும் 'பார்ப்போம்', இவர் வாயிலாகக் குழியில் நிற்பவனுக்கு இறங்கும். சங்கிலியின் மேல் கண்ணியில் இருந்தவர்கள் கடிதத்தில் தெளிவாக மறுத்தார்கள். கீழே வர வர மறுப்பு மங்கியது. அடியில் இருந்தவனுக்கு அது வாயே இல்லாமற் போயிற்று. உழைத்தவனின் கூலியைத் தாமதியாமல் கொடுப்பது பற்றிய நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லம் எது? அதை ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, மாலையில் "அடுத்த வாரம் வா" என்று சொன்னவர்களும் நம்மிடையே இருந்தார்கள் என்பதை மறைத்து எழுதும் வரலாறு நமக்கு வேண்டாம்.

அரசின் சட்டம் இவர்களைத் தேடி வர நெடுங்காலம் ஆயிற்று. 1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்தை மட்டுமே வரையறுத்தது. வளர்ந்த ஆண்களுக்கு வரம்பு வைத்தது 1911ஆம் ஆண்டின் சட்டம். அதுவும் நெசவு ஆலைகளுக்கு, நாளொன்றுக்கு 12 மணி நேரம். 1922இல் அது நாளுக்கு 11, வாரத்துக்கு 60 ஆயிற்று. ஆனால் இச்சட்டங்கள் எந்திர விசை கொண்டு இயங்கும் ஆலைகளையே பெரிதும் கண்ணில் கொண்டன. கையும் காலும் குழியுமே கருவியாக இருந்த தோல் ஷாப்புகள் பல அவற்றின் பார்வைக்கு வெளியே நின்றன. மதுரையில் ஹார்வி ஆலையின் சங்கு ஒலித்தது. ஆலைத் தொழிலாளி அதைச் சபித்துக்கொண்டே ஓடினான். ஆனால் உள்ளே அழைத்த சங்குதான் மாலையில் அவனை வெளியேயும் அனுப்பியது. சங்கு இல்லாத தோல் ஷாப்பில் வேலை எப்போது முடிந்தது என்று சொல்வதற்கு முதலாளியின் வாயைத் தவிர வேறு கருவி இல்லை. ஆகவேதான் சங்கங்கள் தோன்றிய இடங்களில் எல்லாம் நேரம் முதற்பேச்சாக வந்தது. 1918இல் சென்னையில் பி. பி. வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது, ஆலைத் தொழிலாளர் அவரிடம் கொண்டுவந்த குறைகளில் மதிய உணவு இடைவேளை போதாது என்பதும் ஒன்று.

திண்டுக்கல் தோல் தொழிலாளரிடையே பொதுவுடைமை இயக்கத்தினர் சங்கம் கட்டினர். அப்போராட்டத்தின் பின்னணியில் டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' என்னும் நாவல் 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. நம் குடும்பங்களில் சிலருக்கு அந்நாவல் கசப்பாக இருக்கலாம். கசந்தாலும் படிக்கத்தக்கது.

1944இல் அமைக்கப்பட்ட ரேகே குழு, இந்நாட்டுத் தோல் தொழிலாளர் நிலையைத் தனியே ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1948ஆம் ஆண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையில் தோல் பதனிடும் தொழிலும் புகையிலைத் தொழிலும் முதலிலேயே இடம்பெற்றன. திண்டுக்கல்லின் இரண்டு கைகளையும் அது தொட்டது எனலாம். தொழிற்சாலைச் சட்டமோ எந்திர விசை இல்லாவிடினும் 20 பேர் வேலை செய்யும் இடத்தைத் தொழிற்சாலை என்றது. வாரத்துக்கு 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி நேரம், 5 மணி நேரத்துக்கு மேற்படாமல் வேலை வாங்கியபின் அரைமணி ஓய்வு, மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று விதித்தது. வேலை நேரத்தை எழுதித் தொழிலாளர் கண்ணில் படும்படி ஒட்டவும் பணித்தது. அந்தத் தாளை நாம் அற்பமாக எண்ணலாகாது. அதுவரை மறுக்க விரும்பியவன் காய்ச்சலையோ கேதத்தையோ துணைக்கு அழைத்தான். இனி அவன் சுவரைச் சுட்டிக் காட்டினால் போதும். முதலாளியின் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லும் மரியாதைக் கேடும் நேரவில்லை. துண்டுக்கடியில் விரலை விடுவித்துக்கொள்வதற்கு ஒப்பானது அது. வெள்ளையன் கொண்டுவந்த அந்நியக் கடிகாரம் இவ்வாறாகத்தான் இவ்வூர் ஏழையின் கைக்குப் போயிற்று. சட்டம் எழுதப்பட்ட நாளிலேயே எல்லா ஷாப்பிலும் நடப்புக்கு வந்ததென்று நாம் கூற வரவில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டதே, அதுவே போதிய விடை.

தோல் ஷாப்புகளின் செல்வாக்குக் குறைந்து, திண்டுக்கல்லைச் சுற்றி வேடசந்தூர் முதலிய இடங்களில் நூற்பாலைகளும் ஆயத்த ஆடை ஆலைகளும் பெருகின. அங்கே இளம் பெண்கள் விடுதியில் தங்கி உழைத்தனர். 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர்பெற்ற முறையில், மூன்றாண்டு போன்ற ஒரு தவணை முடிந்ததும் திருமணச் செலவுக்கென்று மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வேலைக்கு எடுத்தனர். பழைய முதலாளி முன்னே கொடுத்துக் கட்டினார். புதியவர் பின்னே தருவதாகக் கூறிக் கட்டினார். நடுவில் விலகினால் தொகை போய்விடும் என்று அஞ்சிய பெண், இரவு முறைக்கு 'மாட்டேன்' என்று எப்படிச் சொல்வாள்? நியூயார்க்கிலும் ஸ்டாக்ஹோமிலும் அமர்ந்து கப்பல் நாளைக் குறிப்பவர்கள் தெளிவாகப் பேசுகிறவர்கள்தாம். அவர்கள் குறித்த நாளின் பாரம் யார் தோளில் இறங்கியது என்பதை அறிய அவர்களுக்கும் காலமாயிற்று.

2021 சனவரியில் அத்தகைய ஆலையொன்றில் பணிபுரிந்த இளம் பெண் கொலையுண்டார். ஆலை மேற்பார்வையாளர் ஒருவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அதன்பின் எழுந்த கிளர்ச்சியால், 2022 ஏப்ரலில் பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கமும் ஆலை நிறுவனமும் உடன்படிக்கை செய்துகொண்டன. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்திட்டன. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகத் தொழிலாளர் வட்டாரங்கள் அதை அழைத்தன. தொழிலாளப் பெண்களையே கண்காணிப்பாளராக அமர்த்துவதும், முறையிட்டவர் மீது பழிவாங்கல் கூடாதென்பதும் அதன் விதிகள். ஒரு பெண் 'வேண்டாம்' என்றால் அதற்குப் பொருள் 'வேண்டாம்' என்பதே என எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிவகுக்கும் திருத்தம் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 1911இல் நெசவு ஆலைகளுக்கு விதித்த அதே 12 மணி!

இவ்வரலாற்றுக்கு வேண்டிய சான்றுகளில் ஒன்று நம் வசமே இருக்கக்கூடும். தோல் தொழில் நடத்திய குடும்பங்களின் பரண்களில் பழைய பேரேடுகளும் முன்பணக் கணக்குகளும் பெரியமேட்டு மண்டிக் கடிதங்களும் கிடக்கலாம். யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், எதன் பொருட்டு என்று அவற்றில் எழுதப்பட்டிருக்கும். செல்லரித்த தாள் என்று எடைக்குப் போடும் முன்னர், அவற்றைத் திருப்பிப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். குழியில் இறங்கியவர்களின் பெயர்கள் எழுத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த ஏடுகளில் மட்டுமே.